கண்ணகி மறுத்த குளம்



நம் தமிழ்ப்பள்ளிகளில் கண்ணகியை அறியாத பிள்ளை இல்லை. ஆனால் அவர்கள் அறிந்த கண்ணகி ஒரே ஒரு காட்சியில்தான் வாழ்கிறாள். தலைவிரி கோலம், கையில் ஒற்றைச் சிலம்பு, எதிரே நடுங்கும் பாண்டியன்! கதை சொல்லும் போட்டி என்றால் ஐந்து நிமிடத்தில் நான்கு நிமிடம் அரசவையிலேயே கழிந்துவிடும். மாணவி முழங்குவாள், நெகிழிச் சிலம்பு தரையில் விழும், அவையோர் கைதட்டுவர். 1968ஆம் ஆண்டு இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டின்போது சென்னைக் கடற்கரையில் நிறுவப்பட்ட சிலையும் அந்தக் கண்ணகியேதான். (அதற்கு ஈராண்டு முன்னர், 1966இல், முதல் மாநாடு நம் கோலாலம்பூரில் நடந்தது என்பதை மாணவர்களிடம் சொல்லத் தவறாதீர்கள்.) அச்சிலை 2001இல் அகற்றப்பட்டு 2006இல் மீண்டும் வைக்கப்பட்டபோது எழுந்த வாதங்களிலும் அவள் சினமும் கற்புமே பேசுபொருளாயின.

அவள் அவ்வளவு சினங்கொள்ளும்படி எதை இழந்தாள் என்பதை மட்டும் நாம் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை. சொல்லக் கூசுகிறோம் என்பதே உண்மை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு போட்டிக்கு முன்னதாக, "மாதவியை நீக்கிவிடுங்கள், பிள்ளைகளுக்கு ஏற்றதன்று" என்று ஏற்பாட்டாளர் ஒருவர் எனக்கு அறிவுரை கூறினார். மாதவியை நீக்கினால் கோவலன் ஏன் பொருளிழந்தான், ஏன் ஊர் நீங்கினான் என்பதற்கு என்ன விடை சொல்வது? "வணிகத்தில் நட்டம் என்று சொல்லிவிடுங்கள்" என்றார்! இளங்கோவடிகள் முப்பது காதைகளில் கட்டிய மாளிகையின் அடித்தளத்தை உருவிவிட்டு மேல்மாடத்தை மட்டும் அந்தரத்தில் நிறுத்தச் சொல்லும் அறிவுரை இது. சிலப்பதிகாரம் முதலில் ஒரு காதற் கதை, அதன் பின்னர்த்தான் அது நீதிக்கதை. இக்கருத்து எனக்கு நெடுநாளாகவே உண்டு. அதற்கு உருவும் ஊரும் தந்தது, 2017ஆம் ஆண்டு திசம்பர் பள்ளி விடுமுறையில் என் தோழியுடன் மேற்கொண்ட பூம்புகார்ப் பயணம்.

தோழியைப் பற்றி ஓரிரு சொல். அவரும் ஆசிரியர், ஈஜோக் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். நான் பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கம். இன்று அவ்வூரின் பெயர் பெஸ்தாரி ஜெயா. இருவர் தந்தையரும் பால்மரம் வெட்டியவர்கள். நாங்கள் வளர்வதற்குள் பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. தோட்டத்துத் திடலில் வெள்ளைத் திரை கட்டிக் காட்டிய படங்களில் 1964இல் வெளிவந்த 'பூம்புகார்' ஒன்று என்று எங்கள் தாய்மார் இருவருமே சொல்வதுண்டு. படம் முடிந்து லயத்துக்குத் திரும்பும் வழியெல்லாம் பெண்கள் மாதவியை வைதுகொண்டே வந்தார்களாம். கோவலனை வைதவர் எவருமில்லை போலும்!

பயணத்துக்குத் தோழியின் தாயார் ஒரு நிபந்தனை விதித்திருந்தார். தோழிக்கு அப்போது அகவை முப்பத்தெட்டு, மணமாகவில்லை. பூம்புகாருக்குப் போவதென்றால் போகட்டும், ஆனால் குத்தாலத்தை அடுத்த திருமணஞ்சேரிக்குப் போய் மாலை சாற்றி வழிபட்டு வரவேண்டும்! மணம் கைகூட வேண்டுவோர் செல்லும் அத்தலத்துக்கு நம் நாட்டிலிருந்தும் ஆண்டுதோறும் பலர் போய்வருகின்றனர். தாயார் தாளில் எழுதித் தந்த கோயிற்பட்டியல் ஒன்றும் தோழியின் கைப்பையில் இருந்தது. (இதையெல்லாம் எழுதலாமா என்று அவரிடமே கேட்டேன். "எழுது, என் பெயரை மட்டும் விட்டுவிடு" என்றார்.)

திருச்சிராப்பள்ளியில் இறங்கி, மயிலாடுதுறை வரை தொடர்வண்டியிலும், அங்கிருந்து பேருந்திலும் சென்றோம். பூம்புகார் அப்போது நாகப்பட்டின மாவட்டத்தில் இருந்தது. 2020 முதல் மயிலாடுதுறை மாவட்டத்தைச் சேர்ந்தது. பேருந்து நிறுத்தத்திலிருந்து கடற்கரைக்கு நடந்து, காவிரி கடலொடு கலக்கும் இடத்தில் நின்றபோது தோழி கூறிய முதற்சொல் இது:

"இவ்வளவுதானா? நம் சிலாங்கூர் ஆறு இதைவிட அகலமாயிற்றே!"

உண்மைதான். ஏறக்குறைய 800 கிலோமீட்டர் ஓடிவரும் காவிரி, தன் வெள்ளத்தில் பெரும்பகுதியைக் கொள்ளிடத்துக்கும் கிளையாறுகளுக்கும் வயல்களுக்கும் ஈந்துவிட்டு, மெலிந்த ஒரு கால்வாய் போலத்தான் அங்கே கடலை அடைகிறது. பாட்டில் படித்த காவிரியை எதிர்பார்த்து வருவோர்க்கு முதல் ஏமாற்றம் அதுவே.

ஆயினும் அந்த இடத்தில்தான் நான் ஒன்றை எண்ணிப் பார்த்தேன். 'புகார்' என்னும் சொல்லுக்கு ஆறு கடலிற் புகும் முகம் என்பது பொருள். மலாய் மொழியில் 'கோலா' என்பதற்கும் அதுவே பொருள்! சிலாங்கூர் ஆறு கடலிற் கலக்கும் இடம் கோல சிலாங்கூர். காவிரி கலக்கும் இடம் காவிரிப்பூம்பட்டினம் என்னும் புகார். அங்கும் துறைமுகம் இருந்தது, இங்கும் இருந்தது. மலாவத்திக் குன்றின் மேல் 1907இல் எழுந்த கலங்கரை விளக்கத்தை நம் பிள்ளைகள் அறிவார்கள். புகாரின் கடற்கரையிலும் கலங்கரை விளக்கம் ஒளிர்ந்ததைச் சிலப்பதிகாரத்தின் கடலாடு காதை கூறுகிறது. ஒரு கோலாவில் பாடம் நடத்துபவர் இன்னொரு கோலாவைக் காணப் போயிருந்தோம், அவ்வளவே! தாயகம், புலம்பெயர்வு என்று பெரிய சொற்களால் நாம் பேசும் தொலைவு அந்த ஒரு சொல்லில் குறைந்துபோயிற்று.

இத்தொடர்பு வெறுஞ்சொல்லளவில் நிற்பதும் அன்று. பத்துப்பாட்டில் ஒன்றாகிய பட்டினப்பாலை, புகார்த் துறையில் வந்திறங்கிய பண்டங்களை அடுக்கும்போது காழகத்திலிருந்து வந்த பொருளையும் குறிக்கிறது. காழகம் என்பது கடாரம் என்று உரையாசிரியர் நச்சினார்க்கினியர் பொருள் கூறினார். கடாரம் என்பது நம் கெடா மாநிலம் அன்றோ! ஆறாம் ஆண்டுப் பிள்ளைக்கு இதைச் சொல்லிப் பாருங்கள், கண்கள் விரியும். அந்தப் பட்டினப்பாலையும் ஒரு காதற் பாட்டே என்பதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். கடியலூர் உருத்திரங்கண்ணனார் கரிகாற் பெருவளத்தானைப் போற்றிப் பாடிய அப்பாட்டில் நகர் வருணனை 300 அடிகளுக்குள் நிரம்பிக் கிடந்தாலும், அனைத்தையும் தாங்கி நிற்பது ஒரே கருத்து. இத்தகைய பட்டினமே கிடைப்பதாயினும் என் தலைவியை விட்டுப் பிரிந்து வரமாட்டேன் என்று ஒருவன் தன் நெஞ்சுக்குச் சொல்கிறான். நகரைப் புகழ்ந்ததெல்லாம் அவள் அதனினும் பெரியவள் என்று காட்டுதற்கே! பொருள் தேடிப் போகமாட்டேன் என்று ஒருவன் மறுத்த ஊரிலிருந்துதான், பொருளிழந்து மீண்டும் ஈட்டப் புறப்பட்டான் கோவலன்.

இனி அவ்வூரில் இன்று காண்பதற்கு என்ன இருக்கிறது? நேர்மையாகச் சொன்னால், சிறிதே. கடல் கொண்ட கதையை மணிமேகலை கூறுகிறது. 1960களில் கீழையூரில் நடந்த அகழாய்வில் செங்கற் படகுத்துறை வெளிப்பட்டது, பல்லவனேச்சரத்தில் புத்த விகாரத்தின் அடித்தளம் கிடைத்தது. 1990களில் கடலடியிலும் தேடினார்கள். 2004 ஆழிப்பேரலை அந்தக் கரையையும் தாக்கியது. மீனவர் குடியிருப்பு, படகுகள், வலை, கருவாட்டு மணம், தேநீர்க் கடை. ஜெராம் கடற்கரையில் நிற்பதாகவே தோன்றும்.

1973இல், கலைஞர் மு. கருணாநிதி முதலமைச்சராக இருந்தபோது எழுப்பப்பட்ட சிலப்பதிகாரக் கலைக்கூடம் ஏழுநிலை மாடமாக நிற்கிறது. சுவரெங்கும் காப்பியக் காட்சிகள் கல்லிற் செதுக்கப்பட்டுள்ளன. நாங்கள் சென்றபோது உப்புக் காற்று கட்டடத்தைத் தின்றிருந்தது. பின்னர்த் தமிழ்நாடு அரசு பெரும்பொருட்செலவில் சீரமைப்பைத் தொடங்கியது. சிற்பங்கள் அழகியவை, மறுக்கவில்லை. ஆனால் பதினைந்து நிமிடத்தில் சுற்றிவந்து படம் பிடித்துக்கொண்டு திரும்பும் கூட்டத்தைப் பார்த்தபோது, கதையைக் கல்லாக்கிவிட்டால் எவரும் மறுபடி படிக்க வேண்டியதில்லை என்ற எண்ணமே எனக்கு எழுந்தது. தோழி அங்கிருந்த ஒரு சிறுவனிடம், "மாதவி யார் தெரியுமா தம்பி?" என்று கேட்டார். "கெட்டவங்க" என்றான் அவன். நம் தோட்டத்து லயத்திலிருந்து அந்தக் கடற்கரை வரை ஒரே பாடம்தான் போலும்.

ஆகவே நாங்கள் கலைக்கூடத்தை விட்டு மணலுக்கு வந்து, பையிலிருந்த நூலைப் பிரித்தோம். உ.வே. சாமிநாதையர் 1892இல் பதிப்பித்து வெளியிட்டதனால் நமக்கு முழுமையாகக் கிட்டிய காப்பியம். அதில் ஏழாவதாக வருவது கானல் வரி. அந்தக் கானல் இருந்த கரையில் அமர்ந்து அதனை வாய்விட்டுப் படிப்பதற்கென்றே இவ்வளவு தொலைவு வந்தோம் என்றும் சொல்லலாம்.

நிகழ்ச்சியை ஆசிரியர்கள் அறிவார்கள். பெற்றோருக்காகச் சுருங்கச் சொல்கிறேன். இந்திர விழா நிறைவுற்றது. கோவலனும் மாதவியும் கடலாடக் கரைக்கு வருகின்றனர். புன்னை நிழலில் அமர்ந்து, மாதவி யாழைப் பண்ணமைத்து அவனிடம் தருகிறாள். அவன் காவிரியைப் பாடுகிறான், பிறகு கடற்கரைப் பெண்ணொருத்தியைக் காதலித்து வருந்துபவன் போலப் பாடுகிறான். கேட்ட மாதவிக்கு ஐயம் பிறக்கிறது, இவன் மனத்தில் வேறொருத்தி இருக்கிறாளோ? ஊடலை உள்ளே மறைத்து யாழை வாங்கி, தானும் வேறொருவனை நினைப்பவள் போலப் பாடுகிறாள். உடனே அவன் நம்பிவிடுகிறான்! இவள் மனம் வேறிடத்தில் உள்ளது என்று முடிவுகட்டி, எழுந்து போய்விடுகிறான். பிறகு அவன் அவளிடம் திரும்பவேயில்லை.

ஆசிரியர்களே, இதை நன்கு நோக்குங்கள். தமிழின் முதற்பெருங் காப்பியத்தில் நேரும் பேரிடர் அனைத்துக்கும் தொடக்கம் ஒரு கருத்துணர்தல் பிழை! பாட்டில் வரும் 'நான்' என்பவன் பாடுகிறவன் அல்லன், அது புலவர் படைத்த ஒரு மாந்தனின் குரல் என்பதை, பாட்டிலும் யாழிலும் தேர்ந்த இருவரும் ஒரு கணம் மறந்தார்கள். அடிகள் இதனை ஊழின் மேல் ஏற்றி, யாழ் அதற்கு ஒரு சாக்காயிற்று என்கிறார். வகுப்பறையில் நிற்கும் எனக்கோ அது வாசிப்பின் குறையாகவே படுகிறது. அன்புடையவர் சொல்லைத் தவறாகப் படித்தல், கேட்டறியாமல் முடிவுகட்டுதல், எழுந்து போய்விடுதல் ஆகிய இவற்றை இன்றைய பிள்ளைகள் கைப்பேசிச் செய்தியில் நாள்தோறும் செய்கிறார்கள். ஒரு வரிச் செய்தியைத் தவறாகப் படித்து ஆண்டுக்கணக்கில் பேசாதிருக்கும் உறவினர் இல்லாத குடும்பம் உண்டா? கானல் வரி பிள்ளைகளுக்கு ஏற்றதன்று என்பவர்கள், இந்தப் பாடத்தை வேறு எந்தக் கதையிலிருந்து கற்பிப்பார்கள்?

மாதவியோ அதன் பிறகும் விடவில்லை. தாழை மடலில், பித்திகை மொட்டை எழுதுகோலாக்கி, செம்பஞ்சுக் குழம்பில் தோய்த்து மடல் எழுதுகிறாள். அவன் ஏற்க மறுக்கிறான். மதுரைக்குப் போகும் வழியில் இரண்டாவது மடல் கோசிகன் கையில் வந்து சேரும்போதுதான், அவள் குற்றமற்றவள் என்பதை உணர்கிறான். படிக்க வேண்டிய நேரத்தில் படிக்காத மடல்! கலைக்கூடத்துச் சிறுவனுக்கு இந்த இரண்டு மடல்களைப் பற்றி எவரேனும் சொல்லியிருந்தால் 'கெட்டவங்க' என்று சொல்லியிருப்பானா?

மறுநாள் திருவெண்காடு சென்றோம். பூம்புகாரிலிருந்து பத்துக் கிலோமீட்டர் அளவில் உள்ள ஊர். சுவேதாரண்யேசுவரர் கோயில், புதன் தலம் என்று பெயர் பெற்றது. அங்கே சூரிய, சந்திர, அக்கினித் தீர்த்தங்கள் என மூன்று குளங்கள் உள்ளன. முக்குளத்தில் நீராடினால் மகப்பேறு கிட்டும் என்னும் நம்பிக்கையால், ஈரச்சேலையோடு இளம்பெண்கள் படியேறி வருவதைப் பார்க்கலாம். சிலப்பதிகாரத்தின் ஒன்பதாம் காதையில் வரும் சோமகுண்டம், சூரியகுண்டம் என்னும் இரு குளங்கள் இவையே என்று கருதும் அறிஞர் உண்டு. நாங்கள் போனதும் அதற்காகவே.

அக்காதையில் நடப்பது இது. கோவலனைப் பிரிந்திருக்கும் கண்ணகி, தான் கண்ட தீக்கனவைத் தன் தோழி தேவந்தியிடம் கூறுகிறாள். தேவந்தி யார்? அவளும் கணவன் நீங்கிச் சென்றமையால் தனித்து வாழ்பவள். தன் துயரிலிருந்தே தோழிக்கு வழி சொல்கிறாள்: கடலோடு காவிரி கலக்கும் இடத்தருகே இரு குளங்கள் உள்ளன, அவற்றில் மூழ்கிக் காமவேள் கோட்டத்தைத் தொழும் பெண்கள் கணவரோடு கூடி இன்புறுவர், நாமும் ஒருநாள் ஆடுவோம் வா! இதைவிட அன்பான அழைப்பு இருக்க முடியுமா? அதற்குக் கண்ணகி தந்த மறுமொழி மிகச் சிறியது. அது நமக்குப் பெருமை தருவதன்று என்னும் பொருள்பட ஓரிரு சொல்லோடு நிறுத்திக்கொள்கிறாள். காரணம் கூறவில்லை, தோழியைக் கடியவுமில்லை. அந்நேரம் வாயிலில் கோவலன் வந்து நிற்கிறான். மாதவிக்குக் கொடுக்கப் பொருளில்லாமல் வந்தான் போலும் என்று கருதி, சிலம்பு இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறாள் புன்முறுவலோடு.

உலகின் மற்றக் காதல் தலங்களை எண்ணிப் பாருங்கள். இத்தாலியின் வெரோனா நகரில் சூலியத்தின் வீடு என்று ஒன்றைக் காட்டுகிறார்கள். சேக்சுபியர் படைத்த அப்பெண் அங்கே வாழ்ந்தவளல்லள். 1936 முதல் 1940 வரை நடந்த சீரமைப்பின்போதுதான் அந்தப் பழைய வீட்டுக்கு மாடமுகப்பே பொருத்தினார்கள். நாடகத்திலோ அந்தச் சொல்லே இல்லை. முற்றத்தில் உள்ள அவள் சிலையைத் தொட்டால் காதல் கைகூடும் என்று தொட்டுத் தொட்டே அது பழுதுபட, 2014இல் மூலச்சிலையை உள்ளே வைத்துவிட்டு வேறொரு படியை நிறுத்த வேண்டியதாயிற்று. வெரோனாவில் சிலையைத் தொடுகிறார்கள், சூலியத்துக்கு மடல் எழுதுகிறார்கள். திருமணஞ்சேரியில் மாலை சாற்றுகிறார்கள், திருவெண்காட்டில் மூழ்குகிறார்கள். காதலைச் சடங்கினால் பெறலாம் என்பது மாந்தரின் பொது நம்பிக்கை, அதை ஏளனம் செய்ய எனக்கு உரிமையில்லை. ஈரச்சேலையோடு வந்த பெண்களின் முகத்தைப் பார்த்தவர் ஏளனம் செய்யமாட்டார். ஆனால் அத்தகைய ஒரு தலத்துக்கு அழைக்கப்பட்ட காப்பியத் தலைவி, வரமாட்டேன் என்று சொன்னதற்காகவே அத்தலம் என் நெஞ்சில் நிற்கிறது. அவள் அன்பு குறைந்தவளா? சிலம்பையே எடுத்துக் கொடுக்கிறாள்! போனவன் தானாக வரவேண்டும், குளத்து நீர் அவனைக் கொண்டுவந்து சேர்ப்பது தனக்கு இழிவு என்று அவள் எண்ணியிருக்க வேண்டும்.

மதுரையில் அரசனை எதிர்த்து நின்ற பெண்ணை, 'பொறுமையே உருவானவள் திடீரெனப் பொங்கினாள்' என்று நாம் சொல்லிக் கொடுக்கிறோம். திடீரென ஒன்றுமில்லை. வேண்டாதபோது வேண்டாமென்று சொல்லத் தெரிந்த பெண் அவள் என்பதை ஒன்பதாம் காதையிலேயே அடிகள் காட்டிவிட்டார்.

குளத்துப் படியில் அமர்ந்து இதைத் தோழிக்குப் படித்துக் காட்டினேன். பக்கத்தில் பூ விற்ற மூதாட்டி, "கல்யாணம் ஆகலையாம்மா? முழுகிட்டுப் போம்மா, நல்லது நடக்கும்" என்றார் தோழியைப் பார்த்து. உண்மையான அன்போடு சொன்னார். தோழி அவரிடம் இரண்டு முழம் மல்லிகை வாங்கி, ஒன்றை என்னிடம் தந்து மற்றதைத் தாம் சூடிக்கொண்டார். கால்களை மட்டும் நீரில் நனைத்துவிட்டு எழுந்தார். திருமணஞ்சேரிக்குப் போனோமா என்பது அவருக்கும் அவர் தாயாருக்கும் இடைப்பட்ட செய்தி. இங்கே எழுதுவதற்கில்லை.

இனி நம் பள்ளிக்கு வருவோம். 'பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குக் காதல் எதற்கு?' என்று பெற்றோர் கேட்பதில் நியாயம் இல்லாமல் இல்லை. அவர்கள் அஞ்சுவது காப்பியத்தை அன்று. பெண்பிள்ளை பள்ளிப் படிப்பை முடிக்குமுன் எவனோடோ போய்விட்ட கதை தோட்டத்துக்குத் தோட்டம் ஒன்றேனும் உண்டு. அந்த அச்சத்தின் வேர் எனக்குத் தெரியும், நானும் லயத்தில் வளர்ந்தவளே. ஆனால் காதல் என்ற சொல்லை வகுப்பறையில் உச்சரிக்காததனால் பிள்ளைகள் அதை அறியாமல் இருக்கிறார்களா? பள்ளிப் பேருந்தில் ஒலிக்கும் திரைப்பாடல் அவர்களுக்குக் கற்பித்துக்கொண்டுதான் இருக்கிறது. அது கற்பிப்பதென்ன? பெண் மறுத்தால் தொடர்ந்து போ, அவள் மறுப்பு உடன்பாடே! கண்ணகியின் மறுப்பைக் கற்ற பிள்ளை அந்தப் பாடத்தைச் சற்றே ஐயத்தோடு கேட்கும் என்று நான் நம்புகிறேன்.

இன்னொன்றும் உண்டு. காப்பியத் தொடக்கத்தில் மணமாகும்போது கண்ணகிக்கு அகவை பன்னிரண்டு, கோவலனுக்குப் பதினாறு. சேக்சுபியரின் சூலியத்துக்கும் பதினான்கு நிரம்பவில்லை. என் முன்னே சடை பின்னி அமர்ந்திருக்கும் ஆறாம் ஆண்டு மாணவியின் வயதுதான் கண்ணகிக்கு! இதை மறைத்துச் சொல்வதை நான் ஏற்கவில்லை. சொல்லும்போது வகுப்பு ஒரு கணம் அமைதியாகும், பிறகு "ஏன் டீச்சர் அவ்வளவு சின்ன வயதில்?" என்று ஒருத்தி கேட்பாள். அக்கால வழக்கம் அது, இக்காலச் சட்டம் வேறு என்று விளக்க அதுவே தக்க நேரம். நம் நாட்டில் முசுலிம் அல்லாதாரின் திருமணங்களுக்கான 1976ஆம் ஆண்டுச் சட்டம் பதினெட்டு வயதை வரையறுக்கிறது, பதினாறு நிரம்பிய பெண்ணுக்கு மந்திரி புசாரின் சிறப்பு உரிமம் வேண்டும். கண்ணகி கதை சொன்ன நாளில்தான் என் வகுப்பு இதைக் கேட்டறிந்தது. நன்னெறிப் பாடத்தில் சொல்லியிருந்தால் கொட்டாவி விட்டிருப்பார்கள்!

பாடத்திட்டத்தில் இடமெங்கே என்று கேட்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு சொல். செய்யுளும் மொழியணியும் பகுதியில் குறளும் ஆத்திசூடியும் கொன்றை வேந்தனும் உண்டு, காப்பியம் தனிப்பாடமாக இல்லை என்பது சரிதான். யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டபின், 'தேர்வுக்கு வராததைக் கற்பிக்க நேரமில்லை' என்ற வாதத்தின் கால் ஒடிந்துவிட்டது. கருத்துணர்தல் பயிற்சிக்குக் கானல் வரி நிகழ்ச்சியை எளிய உரைநடையில் எழுதிக் கொடுங்கள். கோவலன் செய்த பிழை யாது என்று கேளுங்கள். நான் கேட்டபோது ஒரு மாணவன், "அவன் இரண்டாவது தடவை கேட்கவில்லை" என்று எழுதினான். தந்தை செம்பனைக் குலை அறுப்பவர், பையன் வகுப்பில் அதிகம் பேசமாட்டான். இன்னொருத்தி மாதவியின் முதல் மடலைத் தானே எழுதி வந்தாள், அதில் பாதி மன்னிப்பு, பாதி திட்டு! "தாழம்பூ என்றால் என்ன?" என்று கேட்டார்கள் பலர். அதற்கு விடை புத்தகத்தில் தேட வேண்டியதில்லை. பண்டான் இலையை எல்லார் வீட்டு அடுக்களையிலும் பார்க்கலாம், அதன் உறவுதான் தாழை என்றேன். மறுநாள் நான்கு பிள்ளைகள் பண்டான் இலையில் எழுதிப் பார்த்துவிட்டு வந்தார்கள். மை நிற்கவில்லையாம்.

பூம்புகார் செல்ல விரும்புவோர்க்குச் சில குறிப்புகள். சனவரி, பிப்பிரவரி மாதங்கள் ஏற்றவை. திசம்பரில் நாங்கள் இருமுறை மழையில் நனைந்தோம். சித்திரை முழுநிலவு, இந்திர விழாவோடு தொடர்புடைய நாள், ஆனால் நம் பள்ளி விடுமுறையோடு அது பெரும்பாலும் ஒத்துவராது. மயிலாடுதுறையில் தங்கிப் போய்வருவது எளிது. கலைக்கூடத்துக்கு ஒரு மணி நேரம் போதும், கடற்கரைக்கு ஒரு மாலைப்பொழுதை முழுமையாக ஒதுக்குங்கள். ந.மு. வேங்கடசாமி நாட்டார் உரையோடு கூடிய பதிப்பு கையில் இருக்கட்டும், புகார்க் காண்டத்தின் பத்துக் காதைகளை விமானத்திலேயே படித்துவிடலாம். கூடவே ஒரு தோழியை அழைத்துச் செல்லுங்கள். கானல் வரியில் குரல்கள் இரண்டு. ஒருவர் கோவலன் பகுதியையும் மற்றவர் மாதவி பகுதியையும் படித்தால்தான் ஊடல் எங்கே தொடங்குகிறது என்பது காதில் விழும். நாங்கள் படித்தபோது கோவலன் பகுதி எனக்கு வந்தது. வலை உலர்த்திக்கொண்டிருந்த மீனவர் ஒருவர் கடைசிவரை நின்று கேட்டுவிட்டு, "பாவம் அந்தப் பொண்ணு" என்று சொல்லிப் போனார். எந்தப் பெண்ணை என்று கேட்குமுன் அவர் படகருகே சென்றுவிட்டார்.